தாளுக்கு ப்ரொஃபைல் செய்ய எந்தக் கருவி, எந்த மென்பொருள்?

வெயில்நேரம்

வணக்கம். இவ்வளவு நாள் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன்.

எப்சன் பி900 பிரிண்டரில் என் படங்களை நானே அச்சிட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று ஹானமூலே ஃபோட்டோ ராக் 308, அதற்கு அவர்கள் தளத்தில் கிடைக்கும் ஐசிசி ப்ரொஃபைலையே, அதாவது இந்த பிரிண்டரும் மையும் அந்தத் தாளில் நிறத்தை எப்படித் தரும் என்று சொல்லும் கோப்பையே, போட்டுக்கொள்கிறேன். இன்னொன்று ஒரு சிறிய ஆலையின் பருத்தித் தாள். இன்க்ஜெட் பூச்சு உண்டு, தொட்டுப் பார்த்தாலே மனம் போய்விடும், ஆனால் ப்ரொஃபைல் எதுவும் அவர்கள் தருவதில்லை. ஃபோட்டோ ராக் ப்ரொஃபைலையே அதற்கும் போட்டுப் பார்த்தேன், சிவப்பெல்லாம் செங்கல் நிறத்தில் வருகிறது, நிழல்கள் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்கின்றன.

சரி, ஃபோட்டோ ராக்காவது ஒழுங்காக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. திரையில் பார்ப்பதைவிட எல்லாமே இருட்டு. கறுப்பு வெள்ளைப் படங்களில் நடுச்சாம்பல் லேசாகப் பச்சை அடிக்கிறது.

அதனால் சொந்தமாக ப்ரொஃபைல் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பட்டியலில் இருக்கும் அளக்கும் கருவிகள்: கேலிப்ரைட் கலர்செக்கர் ஸ்டுடியோ, டேட்டாகலர் ஸ்பைடர் பிரிண்ட், பழைய ஐ1ப்ரோ 2 யாராவது விற்றால் அது, கடனை வாங்கியாவது புது ஐ1ப்ரோ 3. மென்பொருளில் ஐ1ப்ரொஃபைலரா ஆர்கில்லா என்று தெரியவில்லை. திரையின் நிறத்தை அளக்க ஏற்கெனவே ஒரு ஸ்பைடர் இருக்கிறது, அதையே தாளில் வைத்து அளக்க முடியாதா என்றும் ஒரு நப்பாசை. எதை வாங்கட்டும்?

நிறமி

எதையும் வாங்க வேண்டாம். இந்த வாரம் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் நப்பாசைக்குப் பதில். திரை அளக்கும் ஸ்பைடரில் விளக்கு கிடையாது. திரை தானே ஒளி விடுகிறது, கருவி அதை வாங்கி அளக்கிறது. தாள் ஒளி விடாது, அதன் மேல் தெரிந்த ஒளி ஒன்றைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்க வேண்டும். ஆகவே முடியாது.

அடுத்தது உங்கள் இருட்டு. இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேனோ: உங்கள் திரையின் வெளிச்சம் எவ்வளவு? திரையைக் காலிபரேஷன் செய்தபோது, அதாவது கருவியை வைத்து அளந்து சரிசெய்தபோது, மென்பொருள் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று ஓர் எண் காட்டியிருக்கும். பெட்டியில் இருந்து எடுத்த திரை 250, 300 என்று எரியும். அச்சுக்கு வேலை செய்பவர்கள் 80-இல் இருந்து 120-க்குள் வைப்பார்கள். கண்ணைப் பறிக்கும் திரையில் படத்தைத் திருத்தினால் கை தன்னால் இருட்டுப் பக்கம்தான் போகும். தாள் நீங்கள் கொடுத்த இருட்டை அப்படியே திருப்பித் தருகிறது, அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? இதற்கு எந்த ஸ்பெக்ட்ரோவும், அதாவது ஒளியை அலைநீளங்களாகப் பிரித்து நிறத்தை அளக்கும் கருவியும், மருந்தில்லை.

ஃபோட்டோ ராக் மாதிரி பெரிய ஆலைத் தாளுக்கு அவர்கள் தரும் ப்ரொஃபைல் இந்தத் தலைமுறை பிரிண்டர்களில் பெரும்பாலும் போதும். ஒரே மாடல் பிரிண்டர் இரண்டுக்கு நடுவே இப்போது அவ்வளவு வித்தியாசம் இருப்பதில்லை. ஆனால் அந்த ப்ரொஃபைலோடு ஒரு குறிப்பும் வரும், டிரைவரில் எந்த மீடியா டைப், எந்தக் கறுப்பு மை, எந்தத் தரம் என்று. அதைத் தப்பாகப் போட்டால் ப்ரொஃபைல் செல்லாது. பார்த்தீர்களா?

சாம்பல்நிறம்

பச்சை அடிப்பதைப் பற்றி நான் ஒன்று கேட்கிறேன். அந்த அச்சை எங்கே வைத்துப் பார்த்தீர்கள், எப்போது? நாளைக் காலை அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போங்கள். வெயில் நேரடியாக விழாத வெளிச்சத்தில், ஒரு நிமிடம் கண் பழகிய பிறகு பாருங்கள். பச்சை போய்விட்டால் உங்கள் விளக்குதான் காரணம்.

வண்ண மைகளைக் கலந்துதான் சாம்பல் வருகிறது. அந்தக் கலவை ஒரு விளக்கில் நடுநிலையாகவும் இன்னொன்றில் சாயமடித்தும் தெரியும். மலிவான எல்இடியில் இது நன்றாகவே தெரியும். கறுப்பு வெள்ளை மட்டும்தான் என்றால் எப்சனின் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் வொயிட் முறையில் ஒன்று அடித்துப் பாருங்கள், அதில் பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் மைகளே போவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். நான் வண்ண ப்ரொஃபைல் போட்டுக் கறுப்பு வெள்ளை அடிப்பதையே விட்டுவிட்டேன்.

கட்டளைவரி

நிறமி அண்ணன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் வெயில்நேரத்தின் அந்த இரண்டாவது தாளுக்கு எப்படியும் ப்ரொஃபைல் வேண்டுமே. இன்னொரு தாளின் ப்ரொஃபைலைப் போடுவது அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரி, எங்காவது இடித்துக்கொள்ளத்தான் போகிறோம்.

என் ஓட்டு: பழைய ஐ1ப்ரோ 2, கூடவே ஆர்கில். ஆர்கில்சிஎம்எஸ் இலவசம், மூலநிரல் திறந்தது, கிரேம் கில் என்ற ஒற்றை மனிதர் வருடக்கணக்காகக் கட்டியது. ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது, கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். பார்த்துப் பயப்படாதீர்கள், மொத்தமே நான்கு கட்டளைதான்: டார்ஜென் அச்சிட்டு அளக்க வேண்டிய நிறக் கட்டங்களை முடிவு செய்யும், பிரிண்ட்டார்க் அதை அச்சிடத் தகுந்த பக்கமாக, அதாவது சார்ட்டாக, அடுக்கும், சார்ட்ரீட் கருவியை வைத்து அளக்கும், கோல்ப்ராஃப் அளந்ததில் இருந்து ப்ரொஃபைல் செய்யும். ஒரு தடவை ஓடவிட்டு அந்த வரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த தாளுக்குப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லாரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கோல்ப்ராஃபுக்கு மூல நிறவெளி (படக் கோப்பில் இருக்கக்கூடிய நிறங்களின் எல்லை) எது என்று சொல்லாவிட்டால், அதாவது அடோபி ஆர்ஜிபி அல்லது எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் ஒன்றைக் கையில் கொடுக்காவிட்டால், அது பெர்செப்சுவலுக்கு, அதாவது எல்லா நிறங்களையும் சேர்த்துத் தாளின் எல்லைக்குள் சுருக்கும் முறைக்கு, என்று தனி அட்டவணை செய்யாது. அப்புறம் ஃபோட்டோஷாப்பில் பெர்செப்சுவல் தேர்ந்தெடுத்தாலும், அடங்கும் நிறங்களை அப்படியே விட்டு அடங்காததை மட்டும் ஓரத்தில் நிறுத்தும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் மாதிரியே வருகிறதே என்று வந்து புலம்புவார்கள். நானும் ஒரு மாதம் புலம்பியவன்தான்.

தாள்மடிப்பு

பழைய ஐ1 வாங்கச் சொல்வதற்கு முன்னால் இதைப் படியுங்கள், நான் பட்டது.

ஒருவரிடம் இருந்து ஐ1ப்ரோ 2 வாங்கினேன். அழகாகப் பெட்டியோடு வந்தது. ஐ1ப்ரொஃபைலரில் சொருகினால் திரை ப்ரொஃபைல் செய்கிறது. பிரிண்டர் பக்கம் போய் அளந்துவிட்டுச் சேமி என்றால் உரிமம் இல்லை என்கிறது. அது பேசிக் என்ற பெயரில் விற்ற தொகுப்பாம். கருவி அதே கருவிதான். பிரிண்டர் உரிமம் கருவியோடு ஒட்டி வருகிறது, பேசிக்கில் அது இல்லை. விற்றவர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, கேட்கவில்லை, அவரும் பதில் சொல்லும் மனநிலையில் இல்லை.

அதைவிடப் பெரிய கூத்து, கருவி உட்காரும் அந்த அடித்தட்டு. அதில் ஒரு சின்ன வெள்ளை ஓடு இருக்கும், ஒவ்வொரு முறையும் அளக்க ஆரம்பிக்கும் முன் கருவி அதைப் பார்த்துத்தான் வெள்ளை எது என்று தெரிந்துகொள்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் சொந்த ஓடு. கருவியில் ஒரு வரிசை எண், தட்டில் ஒரு வரிசை எண், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் கடைசி இரண்டு இலக்கம் வேறு. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் இரண்டு கருவி இருந்து தட்டு மாறிப் போயிருக்கிறது, வேறென்ன.

ஆகவே பழையது வாங்கினால் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படம் கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கட்டளைவரி

உரிமப் பிரச்சினை ஆர்கில்லுக்குக் கிடையாது தாள்மடிப்பு, பேசிக் தொகுப்புக் கருவியும் அதில் பிரிண்டருக்கு அளக்கும். ஓடு மாறியதற்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, தயாரிப்பாளரிடம் அனுப்பிச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

விண்டோஸில் ஒரு விஷயம்: ஆர்கில் அதன் சொந்த யுஎஸ்பி டிரைவரைக் கேட்கும். அதை நிறுவினால் ஐ1ப்ரொஃபைலருக்குக் கருவி கண்ணில் படாது. டிவைஸ் மேனேஜரில் போய் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். மேக்கிலும் லினக்ஸிலும் இந்த வம்பு இல்லை.

வெயில்நேரம்

எல்லாருக்கும் நன்றி. நிறமி சார், தலை குனிகிறேன். காலிபரேஷன் செய்து ஆறேழு மாதம் ஆகிறது, அதற்கப்புறம் வெளிச்சத்தை நானே கையால் ஏற்றியிருக்கிறேன். இன்று அளந்தால் 240 காட்டுகிறது. 100-க்கு இறக்கினேன், முதலில் திரை செத்துப்போன மாதிரி இருந்தது, அரைமணி நேரத்தில் பழகிவிட்டது. பழைய கோப்புகளைத் திறந்தால் எல்லாமே இருட்டாகத் தெரிகின்றன, அச்சு எப்படி வந்ததோ கிட்டத்தட்ட அப்படியே.

சாம்பல்நிறம் அக்கா சொன்ன ஜன்னல் வேலையையும் செய்தேன். பச்சை போயே போச்சு. மேஜை விளக்கின் கீழே கொண்டு வந்தால் திரும்ப வருகிறது. இந்த விளக்கை நம்பியா ஒரு வருடமாக மை ஊற்றினேன்!

மீடியா டைப் சரியாகத்தான் போட்டிருந்தேன், அதில் மட்டும் தேர்ச்சி.

ஆக மிச்சம் இருப்பது அந்தப் பருத்தித் தாள். அதற்குக் கருவி வேண்டும்தானே?

மைப்பானை

ஒரு தாளுக்காகக் கருவி வாங்குவது ஒரு குடம் தண்ணீருக்குக் கிணறு வெட்டுவது. சார்ட்டை அச்சிட்டுத் தபாலில் அனுப்பினால் அளந்து ப்ரொஃபைலை மின்னஞ்சலில் அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. நல்ல கருவி, மேஜை மேல் தானாக நகர்ந்து அளக்கும் கை எல்லாம் வைத்திருப்பார்கள். ஒரு ப்ரொஃபைலுக்கு ஒரு கட்டணம். வருடத்துக்கு நான்கைந்து தாளுக்கு மேல் மாற்றாதவருக்கு அதுதான் லாபம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அனுப்பும்போது மடிக்காதீர்கள், சுருட்டாதீர்கள், இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக. முகப்புக்கு முகப்பு படாமல் நடுவில் ஒரு மெல்லிய தாள். மேட் தாளில் உராய்ந்தால் கறுப்பு தேய்ந்து பக்கத்துக் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும், அளக்கிறவருக்கு அது தெரியாது.

நிறமி

மைப்பானை சொல்வது நியாயம். வெயில்நேரம் அந்த ஒரு தாளோடு நின்றால். நிற்பாரா? நானும் ஒரு தாளுக்குத்தான் ஆரம்பித்தேன், இப்போது அலமாரியில் பதினேழு இருக்கிறது. கருவி வாங்கினால் சரிபார்க்கும் வசதி ஒன்று கூடவே கிடைக்கிறது, மை மாற்றிய பிறகு, தாள் புதுத் தொகுதி வந்த பிறகு, சந்தேகம் வந்தால் நாமே அளந்து பார்க்கலாம்.

வாங்குவது என்று ஆகிவிட்டால் என் கணக்கு இது.

ஸ்பைடர் பிரிண்ட் விலையில் ஈர்க்கும். ஆனால் அது முழு ஸ்பெக்ட்ரோ இல்லை, சில எல்இடி விளக்குகளை வைத்து நிறத்தைக் கணிக்கிற கருவி. நல்ல ப்ரொஃபைல் வந்து நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் ஆர்கில் அதோடு பிரிண்டருக்கு வேலை செய்யாது, அவர்கள் மென்பொருளே கதி.

கலர்செக்கர் ஸ்டுடியோ என்பது 2008-இல் கலர்மங்கி ஃபோட்டோ என்று வந்ததே, அதன் வாரிசு. நடுவில் ஐ1ஸ்டுடியோ என்று பெயர். 2021-இல் எக்ஸ்ரைட்டின் புகைப்படப் பிரிவுக் கருவிகளை கேலிப்ரைட் எடுத்து நடத்த ஆரம்பித்தபோது இந்தப் பெயர். பெயர் மூன்று, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்று. உண்மையான ஸ்பெக்ட்ரோ. கூட வரும் மென்பொருள் முதலில் 50 கட்டம் அச்சிடச் சொல்லும், அளந்ததும் அதைப் பார்த்து இன்னொரு 50 தயாரிக்கும், அவ்வளவுதான். 100 கட்டத்தில் இவ்வளவு செய்கிறதே என்று ஆச்சரியப்படலாம், ஆனால் மேட் தாளின் நிழல் பகுதியில் அந்த 100 தடுமாறும். அதே கருவியை ஆர்கில்லோடு ஓட்டினால் ஒரு ஏ4 தாளிலேயே 200 சொச்சம் கட்டம் அடுக்கலாம், மூன்று தாள் அளந்தால் வேறு தரம்.

ஐ1ப்ரோ வம்சம் இவை எல்லாவற்றுக்கும் மேலே. 380-இல் இருந்து 730 நானோமீட்டர் வரை, கட்டம் சின்னதாக இருந்தாலும் இழுத்துக்கொண்டே போகலாம், புற ஊதாவோடும் இல்லாமலும் அளக்கும்.

வெயில்நேரம்

அந்தப் புற ஊதா விஷயம்தான் புரியவில்லை சார். எம்0, எம்1, எம்2 என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு எது வேண்டும்?

நிறமி

தாளை வெள்ளையாகக் காட்ட ஆலைகள் பிரைட்னர் சேர்க்கின்றன, துணிக்குச் சலவை நீலம் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது வெறும் சாயமில்லை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். ஆகவே விளக்கில் புற ஊதா இருந்தால் தாள் பளீர், இல்லையென்றால் மங்கல் மஞ்சள். அளக்கும் கருவியின் விளக்குக்கும் இதே கதை.

ஐஎஸ்ஓ 13655 என்ற தரம் இதற்காகத்தான் 2009-இல் இந்தப் பெயர்களைக் கொண்டுவந்தது. எம்0 பழைய இழை விளக்கு, புற ஊதா எவ்வளவு என்று வரையறை இல்லை. எம்1 என்றால் டி50 பகல் ஒளி, அதன் புற ஊதாவோடு. எம்2 என்றால் புற ஊதாவை வெட்டியது. எம்3-இல் பளபளப்பை வெட்டும் போலரைசர் வடிகட்டி வேறு சேரும். கலர்மங்கி வம்சத்தின் விளக்கு வெள்ளை எல்இடி, அதில் புற ஊதா இல்லாததால் அது எப்போதும் எம்2 பக்கம்தான்.

எது வேண்டும் என்றால், படம் எங்கே தொங்கப் போகிறது என்று பாருங்கள். பகல் வெளிச்சம் வரும் சுவரா, எம்1. எல்இடி விளக்கின் கீழே, புற ஊதா தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னாலா, எம்2. அப்புறம் அந்தத் தாளில் பிரைட்னர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் தெரிந்துவிடும், பக்கத்தில் சாதாரண நகல் தாளை வையுங்கள். நகல் தாள் நீலமாக எரியும், பிரைட்னர் இல்லாத பருத்தித் தாள் செத்த மாதிரிக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் எம்0, எம்1, எம்2 எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ப்ரொஃபைலைத்தான் தரும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டளைவரி

இங்கே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது அண்ணே. எம்2-ஐ இவ்வளவு சாதாரணமாகப் பரிந்துரைக்கக் கூடாது. அரங்குகளில் பாதியில் பகல் வெளிச்சமும் கலந்து வருகிறது, நடுவில் நின்று பார்க்கிறவருக்கு எம்1-தான் உண்மைக்குப் பக்கம்.

நிறமி

சண்டை போடலாம். ஆனால் பிரைட்னர் காலப்போக்கில் செத்துப்போகிற சரக்கு தம்பி. இன்றைக்குப் பளீரென்று இருக்கிற வெள்ளையை நம்பி ப்ரொஃபைல் செய்து விற்றுவிட்டு, சில வருடம் கழித்து வாங்கினவர் சுவரில் அது மஞ்சளாகத் தெரியும்போது நம் எம்1 எங்கே போகும்? விற்கிற படத்துக்கு நான் பிரைட்னர் இல்லாத தாளையே எடுக்கிறேன், சண்டைக்கே இடமில்லை.

கட்டளைவரி

அதில் எனக்கும் மறுப்பில்லை. தாளை மாற்றி வாதத்தில் ஜெயிப்பது மட்டும் கொஞ்சம் கள்ளத்தனம் :)

வெயில்நேரம்

டார்ச் அடித்தேன். செத்துதான் கிடக்கிறது! இரண்டு பேரும் சமாதானமாகலாம்.

முடிவுக்கு வந்துவிட்டேன், கலர்செக்கர் ஸ்டுடியோ வாங்கி ஆர்கில்லோடு ஓட்டப் போகிறேன். பழைய ஐ1-க்கு எண் பொருந்தும் கருவி ஒன்றும் கிடைக்கவில்லை. சார்ட் அச்சிடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தாள்மடிப்பு

எனக்கு இரண்டு ப்ரொஃபைல் குப்பைக்குப் போனது இந்த இடத்தில்தான், அதனால் நீட்டி எழுதுகிறேன்.

சார்ட்டை எந்த நிற மேலாண்மையும் இல்லாமல் அச்சிட வேண்டும். கோப்பில் இருக்கும் எண் அப்படியே டிரைவருக்குப் போய்ச் சேர வேண்டும். இதைச் செய்ய ஃபோட்டோஷாப்பில் முன்பு ஒரு தேர்வு இருந்தது, 2010-இல் வந்த சிஎஸ்5-இல் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு அடோபி கலர் பிரிண்டர் யுடிலிட்டி என்று ஒரு சின்ன நிரல் கொடுத்தார்கள், விண்டோஸில் நான் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன். மேக்கில் கலர்சிங்க் யுடிலிட்டியில் திறந்து அச்சிடும்போது, கலர் டார்கெட்டாக அச்சிடு என்ற தேர்வைப் போட வேண்டும். எதில் செய்தாலும் டிரைவர் பக்கத்திலும் நிறத் திருத்தம் அணைந்திருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று தப்பினாலும் சார்ட் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

நான் கண்டுபிடித்தது ஒரு பூதக்கண்ணாடியால். சுத்த மஞ்சள் கட்டம், அதாவது 255, 255, 0, அதன் மேல் வைத்துப் பார்த்தேன். மஞ்சளுக்குள்ளே அங்கங்கே வேறு மைப் புள்ளிகள், மணல் தூவிய மாதிரி. மேலாண்மை ஒன்றும் இல்லாமல் மறுபடி அடித்ததில் அதே கட்டம் வெறும் மஞ்சள். அன்றில் இருந்து எந்தச் சார்ட் வந்தாலும் முதலில் மஞ்சளைத்தான் பார்ப்பேன்.

பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும், நூறு சதவீத அளவு. கொஞ்சம் சுருங்கினாலும் கருவி கட்டங்களின் எல்லையைத் தவறவிட்டு வரியே படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அச்சிட்டதும் அளக்காதீர்கள். ஒரு நாள் காய விடுங்கள். நான் ஒரே சார்ட்டைப் பத்து நிமிடத்தில் ஒரு தடவையும் மறுநாள் ஒரு தடவையும் அளந்து ஒப்பிட்டிருக்கிறேன், இருண்ட கட்டங்கள்தான் அதிகம் நகர்ந்திருந்தன. அளக்கும்போது அடியில் அதே தாளில் இரண்டு மூன்று வெற்றுத் தாள் வையுங்கள், மேஜை நிறம் ஊடுருவி வராமல் இருக்க.

கட்டளைவரி

கட்டத்தின் எண்ணிக்கையில் பேராசைப்படாதீர்கள். பி900 மாதிரி ஒழுங்காக நடக்கும் பிரிண்டருக்கு 600 கட்டம் தாராளம். அதைவிட டார்ஜெனில் நடுநிலைச் சாம்பல் கட்டங்களைக் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், கண் முதலில் பிடிப்பது சாம்பல் சாய்வதைத்தான்.

முடிந்ததும் ப்ராஃப்செக் ஓட்டினால் சராசரி டெல்டா ஈ, அதாவது நிற வித்தியாசம், இவ்வளவு என்று ஓர் எண் வரும். அதைப் பார்த்து மார்தட்டாதீர்கள், அது தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தி மார்க் போட்டுக்கொள்வது. ப்ரொஃபைல் செய்யப் பயன்படாத இன்னொரு கட்டத் தொகுதியை அச்சிட்டு அளந்து அதோடு ஒப்பிட்டால்தான் உண்மை.

சாம்பல்நிறம்

எண்ணை விடுங்கள், கண்ணால் பார்க்க ஒரே ஒரு தாள் அச்சிடுங்கள். 0-இல் இருந்து 40 வரை இரண்டிரண்டாக ஏறும் கறுப்புப் பட்டைகள், கீழே 215-இல் இருந்து 255 வரை வெள்ளைப் பட்டைகள், நடுவே ஒரு சாம்பல் சரிவு, ஒரு மனித முகம். உங்களுக்குப் பிடித்த படத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். அதன் மேல் உள்ள பாசம் கண்ணை மறைக்கும்.

மேட் தாளில் கறுப்பு எவ்வளவு போனாலும் லேப் அளவில் எல் (0 முழுக் கறுப்பு, 100 வெள்ளை) 15, 16 பக்கம்தான் நிற்கும். பளபளப்புத் தாளில் 3, 4 வரை இறங்கும். அதனால் சாஃப்ட் ப்ரூஃபில், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்க்கும் முன்னோட்டத்தில், தாளையும் மையையும் காட்டு என்று டிக் செய்தவுடன் படம் சாம்பல் பூத்துப்போய் வயிற்றைக் கலக்கும். நான் டிக் செய்யும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன், அப்புறம் திரும்பினால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. நிஜமாகவே வேலை செய்கிறது, சிரிக்காதீர்கள்.

வெயில்நேரம்

கருவி வந்துவிட்டது. நேற்று முழுக்க அதோடுதான்.

சார்ட்டின் முதல் வரி மேல் கருவியை ஐந்து தடவை இழுத்தேன். வேகமாக இழுத்தால் சரியாகப் படிக்கவில்லை என்கிறது, மெதுவாக இழுத்தால் கை நடுங்கிப் பக்கத்து வரிக்குப் போகிறது. கடைசியில் ஒரு இரும்பு ஸ்கேலை வரிக்கு ஓரமாக வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சை விட்டுக்கொண்டே ஒரே சீராக இழுத்தேன், எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் பிடிபட்டுவிட்டது. 630 கட்டம், மூன்று தாள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

செங்கல் சிவப்பு சிவப்பாகிவிட்டது. சாம்பல்நிறம் அக்கா சொன்ன பட்டையில், பழையபடி ஃபோட்டோ ராக் ப்ரொஃபைல் போட்டால் 18 வரை எல்லாம் ஒரே கறுப்பு, புதியதில் 8-இல் இருந்தே பட்டைகள் பிரிந்து தெரிகின்றன. பிளாக் பாயிண்ட் காம்பென்சேஷன் (படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் தேர்வு) போட்டு, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கில்.

ஆனால் ஒரு விசித்திரம். அதே அளவீட்டில் இருந்து பெர்செப்சுவலில் அடித்தால் நிழல்கள் நன்றாக இருக்கின்றன, கரும்பச்சை இலைகள் மட்டும் கொஞ்சம் மந்தமாகின்றன. நண்பர் ஒருவர் வேறு மென்பொருளில் செய்த ப்ரொஃபைலில் பெர்செப்சுவல் இப்படி இல்லை. ஏதாவது தப்பு செய்தேனா?

நிறமி

தப்பில்லை. ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் எதைச் செய்ய வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டது, யார் செய்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வரும். பெர்செப்சுவலில் நிறங்களை எப்படி உள்ளே சுருக்குவது என்பதை ஐசிசி தரம், மென்பொருள் எழுதுகிறவரின் ரசனைக்கே விட்டுவிட்டது. ஆர்கில் ஒரு கை, ஐ1ப்ரொஃபைலர் இன்னொரு கை. சமையல் மாதிரிதான், குறிப்பு ஒன்றே, உப்பு வேறு.

நீங்கள் கோல்ப்ராஃபுக்கு மூலமாக எதைக் கொடுத்தீர்கள்?

வெயில்நேரம்

ப்ரோஃபோட்டோ நிறவெளி. லைட்ரூமில் இருந்து அதில்தான் வெளியே எடுக்கிறேன், அதனால் பொருத்தம் என்று நினைத்தேன்.

கட்டளைவரி

அங்கேதான் இருக்கிறது. ப்ரோஃபோட்டோ அவ்வளவு பெரியது, அதன் மூலைகளில் கண்ணுக்கே தெரியாத நிறங்கள்கூட இருக்கின்றன. அதை முழுவதும் தாளுக்குள் அடக்கப் பார்த்தால் எல்லாவற்றையும் நசுக்கும். உங்கள் படத்தில் நிஜமாக இருக்கும் நிறங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. அடோபி ஆர்ஜிபியைக் கொடுத்து கோல்ப்ராஃபை மட்டும் மறுபடி ஓட்டுங்கள், அளந்த கோப்பு இருக்கிறதே, புதிதாக எதையும் அச்சிடவோ இழுக்கவோ வேண்டாம்.

வெயில்நேரம்

ஓட்டிவிட்டேன். திரையில் சாஃப்ட் ப்ரூஃபில் இலைகள் உயிர் வந்த மாதிரித்தான் இருக்கின்றன. இப்போதுதான் ஒரு தாள் அடித்து வெளியே எடுத்தேன், ஆசையாக இருக்கிறது, ஆனால் தாள்மடிப்பு திட்டுவார். நாளை இதே நேரம் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தாள்மடிப்பு

திட்டத்தான் செய்வேன். முகப்பைத் தொடாமல் வையுங்கள். அந்த ஃபோட்டோ ராக் பெட்டி காலியாகாமல் இருந்தால் அடுத்து அதையும் அளங்கள், ஆலை கொடுத்த ப்ரொஃபைலோடு ஒப்பிட்டு என்ன வித்தியாசம் என்று சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.